உஷார்! வீடு காட்டும் ஆப், வீட்டுப் பணத்தைத் தூக்கிவிடும்

கமுதிப் பக்கம் வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களும், பழைய வீட்டைச் சீர்செய்ய நினைப்பவர்களும் இதை முழுசாகப் படித்துவிடுங்கள். கேபிளும் வேண்டாம், சந்தாவும் வேண்டாம், வெளிநாட்டு வீடு புதுப்பிக்கும் நிகழ்ச்சிகளை ஓசியில் பார்க்கலாம் என்று வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் வரும், ஆப்பை நேரடியாக நிறுவும் ஏபிகே கோப்பைத் தொடாதீர்கள். தொட்டவர்களின் கணக்கைத் துடைத்து எடுத்துவிடும் வேலை, இப்படிப்பட்ட கோப்புகள் வழியாகத்தான் நாடு முழுக்க நடந்துகொண்டிருக்கிறது. கல்யாணப் பத்திரிகை என்ற பேரில் வரும், வங்கி அறிவிப்பு என்ற பேரில் வரும். டிவி பார்க்கும் ஆப் என்ற பேரிலும் வரும்.

இது யாருக்கும் ஆபத்துதான். ஆனால் நம் பகுதிக்கு ஒரு படி கூடுதல். துபாயிலும் சவூதியிலும் மலேசியாவிலும் வேலை பார்க்கும் அண்ணன் தம்பிகள் அனுப்புவது, முண்டு மிளகாய் விற்றது, கரிமூட்டத்தில் சேர்த்தது, கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் தவணை தவணையாக வரும் தொகை என்று வீட்டுக்கான பணமெல்லாம் வங்கிக் கணக்கில்தான் வந்து நிற்கிறது. அந்தக் கணக்கைத் திறக்கும் ஜிபேயும் போன்பேயும் எந்த போனில் இருக்கிறதோ, அதே போனில்தான் மாடுலர் கிச்சனும் பால்ஸ் சீலிங்கும் பார்க்க ஆசைப்பட்டு ஆப் இறக்குகிறோம். வேலை நடக்கும் மாதங்களில் கணக்கில் இருப்பும் அதிகம். கொத்தனார் கூலி, சிமெண்ட், கம்பி என்று தினமும் பணம் போய்க்கொண்டே இருப்பதால், நடுவில் தெரியாத ஒரு தொகை போனாலும் சட்டென்று கண்ணில் படாது.

வலை எங்கே விரிக்கப்படுகிறது என்று பாருங்கள். ஹெச்ஜிடிவி என்பது 1994-ல் தொடங்கிய அமெரிக்கச் சேனல். பழைய வீட்டை வாங்கி, உடைத்து, புதுசாக்கிக் காட்டும் நிகழ்ச்சிகளுக்குப் பேர்போனது. அந்த மாதிரி நிகழ்ச்சிகளின் துண்டுகள் ரீல்ஸில் வந்து ஆசையைக் கிளப்புகின்றன. முழுசாகப் பார்க்கலாம் என்று தேடிப் போனால், சேனலின் சொந்த ஆப் அமெரிக்க டிவி சந்தாதாரரின் கணக்கைக் கேட்கும். நமக்கு அது ஏது? கதவு சாத்தியிருக்கும் அந்த இடத்தில்தான் “வாழ்நாள் முழுக்க இலவசம்” என்று ஒருவன் காத்திருக்கிறான்.

அவன் தரும் ஆப் பிளே ஸ்டோரில் இருக்காது, கோப்பாக வரும். போனின் பாதுகாப்பு வசதியான பிளே ப்ரொடெக்ட் எச்சரித்தால் அதை அணைத்துவிடுங்கள் என்று சொல்லிக்கொடுக்கும் வீடியோவும் கூடவே வரும். காவல்காரனை வெளியே அனுப்பச் சொல்லும்போதே நாம் விழித்துக்கொள்ள வேண்டாமா? அடுத்து அனுமதிகளைக் கேட்கும். எஸ்எம்எஸ் படிக்க விட்டால், ஓடிபி உங்கள் கண்ணில் படுமுன் அவனுக்குப் போய்விடும். அதைவிட மோசமானது அக்சஸிபிலிட்டி அனுமதி. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு உதவ வைத்த வசதி அது. அதைக் கொடுத்துவிட்டால் திரையில் தெரிவதை அந்த ஆப் படிக்கும், நீங்கள் விரலால் தொடுவதுபோலவே அதுவும் பொத்தானை அழுத்தும். வீடியோ காட்டும் ஆப்புக்கு இதெல்லாம் எதற்கு?

சில இடங்களில் ஆப்பே இல்லாமல் “ஒரு ரூபாய் கட்டிச் சரிபார்க்கவும்” என்பார்கள். திரையில் வருவது ஆட்டோபே ஒப்புதலாக இருக்கும். யுபிஐ பின் போட்டுவிட்டால், மாதாமாதம் எடுத்துக்கொள் என்று நீங்களே கையெழுத்துப் போட்டுக்கொடுத்த கணக்கு.

டிவி பாக்ஸ் விஷயத்தில் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். எல்லாச் சேனலும் இலவசம் என்று சொல்லி, பேர் தெரியாத கம்பெனியின் ஆண்ட்ராய்டு பாக்ஸ்கள் ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கின்றன. வெளிநாட்டிலிருந்து வரும் மச்சான் ஆசையாக வாங்கி வருவதும் உண்டு. 2024 செப்டம்பரில் டாக்டர் வெப் என்ற பாதுகாப்பு நிறுவனம், 197 நாடுகளில் ஏறத்தாழ 13 லட்சம் பாக்ஸ்களில் ‘வோய்டு’ என்ற நச்சு நிரல் புகுந்திருப்பதைக் கண்டுபிடித்தது. 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ, இதே மாதிரி பாக்ஸ்களில் புகும் ‘பேட்பாக்ஸ் 2.0’ என்ற நச்சு வலை பற்றி எச்சரித்தது. சில பெட்டிகளில் வாங்கும்போதே நஞ்சு இருக்கிறது. உங்கள் வீட்டு இணைய இணைப்பை வாசலாக்கி யாரோ எங்கிருந்தோ மோசடி செய்வான். தடம் பிடித்து வரும் போலீசுக்கு முதலில் கிடைப்பது உங்கள் முகவரி. பாக்ஸ் ஏற்கெனவே வீட்டில் இருந்தால், பிளே ஸ்டோர் செட்டிங்ஸில் ‘அபவுட்’ பகுதியைத் திறந்து பாருங்கள். பிளே ப்ரொடெக்ட் சான்று இல்லை என்று காட்டினாலோ, பிளே ஸ்டோரே இல்லாவிட்டாலோ, அந்தப் பெட்டியைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

பார்க்க ஆசைப்படுவதில் தப்பே இல்லை. யூடியூபில் ஹெச்ஜிடிவியின் அதிகாரபூர்வ சேனலே இருக்கிறது; காசு கேட்காது. தமிழில் சிவில் இன்ஜினியர்கள் நம் ஊர் மண்ணையும் விலைவாசியையும் வைத்துப் பேசும் சேனல்களும் இருக்கின்றன. என்னைக் கேட்டால், நமக்கு அவைதான் உபயோகம். அமெரிக்க நிகழ்ச்சியில் சுத்தியலால் நாலு அடி அடித்தால் சுவர் விழுகிறது. அங்கே பல வீடுகள் மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்தவை. நம் பழைய வீடுகளில் கூரையைத் தாங்குவதே செங்கல் சுவர். போதாததற்குக் கரிசல் மண், மழைக்கு உப்பும், கோடையில் சுருங்கி வெடிக்கும். டிவியைப் பார்த்து ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடுச்சுவரை எடுக்கச் சொல்லாதீர்கள். இன்ஜினியர் நேரில் வந்து பார்க்காமல் ஒரு செங்கல்லையும் உருவ விடாதீர்கள்.

ஏபிகே ஏற்கெனவே போனில் ஏறியிருந்தால், முதலில் டேட்டாவையும் வைஃபையையும் அணையுங்கள். வேறொரு போனிலிருந்து வங்கியைக் கூப்பிட்டுக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் அந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐக் கூப்பிடுங்கள். பஸ் ஏறி ராமநாதபுரம் சைபர் கிரைம் போலீசில் எழுதிக் கொடுக்கலாம் என்று கிளம்பாதீர்கள். போய்ச் சேருவதற்குள் பணம் பல கணக்கு மாறிவிடும். போனில் சொன்னால், இருக்கும் கணக்கிலேயே நிறுத்திவைக்க வழி உண்டு. எழுத்துப் புகாரை அதன் பிறகு கொடுக்கலாம். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட விதிப்படி, நம் கவனக்குறைவால் போன பணமாக இருந்தாலும், வங்கிக்குத் தகவல் சொன்ன பிறகு நடக்கும் இழப்பு வங்கியைச் சேரும். ஒவ்வொரு நிமிடத் தாமதமும் உங்கள் காசு.

ஓசி ஆப் இறக்கியதை வெளியே சொல்ல வெட்கப்பட்டு, வீட்டுக்காரர் திட்டுவார் என்று பயந்து மறைக்கிறவர்கள் நிறையப் பேர். வெளிநாட்டில் வெயிலில் நின்று சம்பாதித்து அனுப்பிய பணம் அது. தயவுசெய்து மறைக்காதீர்கள். 1930 என்ற எண்ணை இன்றைக்கே வீட்டில் எல்லார் போனிலும் பதிந்துவையுங்கள். ஊர் குரூப்பில் அந்த மாதிரி லிங்க் வந்தால், யார் அனுப்பியிருந்தாலும் சரி, உடனே அழிக்கச் சொல்லுங்கள்.