மூச்சைப் பிடிக்கும் சிஸ்டர்!

சனி, ஞாயிறு வந்தால் ஆபீஸ் இளைஞர்களின் பைக்குகள் மாமல்லபுரம் பக்கம் திரும்பிவிடும். கடற்கரைக் கோயில், வறுத்த மீன், நாலு போட்டோ... வழியில் ஒரு சறுக்கல், தலையில் பலமான அடி என்றால் 108 ஆம்புலன்ஸ் பலரைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் இடம், செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. 1965-ல் தொடங்கிய கல்லூரி அது.

நினைவில்லாதவருக்கு வாய் வழியாக மூச்சுக்குழாயில் டியூப் போட்டு, வெண்டிலேட்டரில் இணைப்பார்கள். சிக்கல் அங்கேதான். நமக்குச் சளி கட்டினால் இருமித் துப்பிவிடுவோம். டியூப் போட்ட ஆசாமிக்கு அந்த வசதி கிடையாது. சளி சேர்ந்தால் டியூபே அடைத்துக்கொள்ளும். மெல்லிய குழாயை உள்ளே விட்டு நர்ஸ்தான் உறிஞ்சி எடுக்க வேண்டும். இதன் பெயர் சக்‌ஷன்.

'வாக்குவம் க்ளீனர் மாதிரிதானே?' என்று நினைத்தால் தப்பு! சளியோடு ஆக்ஸிஜனும் வெளியே வந்துவிடும். நேரம் கூடினால் இதயத் துடிப்பே தடுமாறும். அதனால்தான் இத்தனை விதிகள்: முதலில் முழு ஆக்ஸிஜன், சுத்தமான கிளவுஸ், குழாயின் தடிமன் டியூபின் உள்ளளவில் பாதியைத் தாண்டக் கூடாது, உள்ளே விடும்போது உறிஞ்சாமல், வெளியே இழுக்கும்போது மட்டும் உறிஞ்ச வேண்டும், எல்லாம் 15 விநாடிக்குள். கடிகாரம் பார்க்க நேரமேது? சீனியர்கள் சொல்லித் தரும் உபாயம் ஒன்று உண்டு: குழாயை விடும்போது உன் மூச்சையும் பிடிச்சுக்கோ. உனக்கு முட்டறதுக்கு முன்னாடி வெளியே எடுத்துடு!

மணிக்கொரு தடவை உறிஞ்சுவது, வழக்கமாக டியூபுக்குள் உப்புநீர் விடுவது என்ற பழைய பழக்கங்களை இன்றைய வழிகாட்டிகள் ஏற்பதில்லை. கரகர சத்தம், ஆக்ஸிஜன் சரிவு என்று அறிகுறி பார்த்துத்தான் செய்ய வேண்டும். எப்போது செய்யக் கூடாது என்று தெரிவதும் ஒரு படிப்புதான்.

விதி தெரிவது வேறு. விடியற்காலை 3 மணிக்கு நாலு படுக்கைகளில் அலாரம் அலறும்போது, ஒன்றையும் விடாமல் செய்வது வேறு. கிளவுஸ் மாற்றாமல் விட்டால் கிருமி நேராக நுரையீரலுக்குப் போகும். வெண்டிலேட்டர் நோயாளி ஒருவருக்கு ஒரு நர்ஸ் வேண்டும் என்று நிபுணர்கள் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

சக்‌ஷன் நடக்கும்போது நோயாளி முகம் சிவந்து இருமுவார். 'ஐயோ, என்னம்மா பண்றீங்க?' என்று சொந்தக்காரர் கத்துவார். கத்தாதீங்க சார், இருமல் வருவது நல்ல சேதிதான்! அந்த 15 விநாடி சிஸ்டரைத் தொந்தரவு செய்யாமல் இருந்தால் போதும்.

மற்றபடி, இந்த ஞாயிறு மாமல்லபுரமா? பின் சீட்டுக்கும் சேர்த்து இரண்டு ஹெல்மெட்!