அச்சுக்கோப்பு முன்சரிபார்ப்பு மென்பொருள்

அச்சகத்திற்கு வந்து சேரும் கணினிக் கோப்பைத் தகடு எடுப்பதற்கு முன்பே ஆராய்ந்து, அச்சில் கேடு விளைவிக்கக்கூடிய குறைகளைக் கண்டறிவது முன்சரிபார்ப்பு எனப்படும். அச்சுத் தொழிலில் இதனைப் பிரீஃபிளைட் என்பர். விமானம் புறப்படுமுன் விமானி ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பார்; பெயர் அங்கிருந்து வந்தது. ஆஃப்செட் எந்திரம் ஓடத் தொடங்கிய பின் பிழை தெரிந்தால், நான்கு தகடுகளும் ஓடிய தாளும் வீண். செலவை வாடிக்கையாளர் ஏற்பதா, அச்சகம் ஏற்பதா என்ற சச்சரவு வேறு.

வரலாறு

இப்பணிக்கான தனி மென்பொருள்கள் 1990களின் நடுவில் வந்தன. மார்க்சுவேர் நிறுவனத்தின் ஃபிளைட்செக் 1995இல் வெளியானது. 1993இல் அறிமுகமான பிடிஎஃப் வடிவம் பின்னர் அச்சகங்களில் பரவியதும் வேலை எளிதாயிற்று; எழுத்துரு, படம், பக்க அளவு யாவும் ஒரே கோப்புக்குள் அடங்கின. அச்சுக்கென்றே வகுக்கப்பட்ட பிடிஎஃப்/எக்ஸ்-1ஏ, 2001இல் ஐஎஸ்ஓ 15930 தரமாயிற்று. எல்லா எழுத்துருக்களும் கோப்பினுள் பதிந்திருக்க வேண்டும், ஆர்ஜிபி நிறம் கூடாது என்பன அதன் விதிகளுள் சில.

செயல்படும் முறை

மென்பொருள் பக்கத்தைக் கண்ணால் பார்ப்பதுபோல் பார்ப்பதில்லை. கோப்பைப் பிரித்து, அதிலுள்ள ஒவ்வொரு பொருளின் பண்புகளையும் படித்து, விதிகளோடு ஒப்பிடுகிறது. படத்தின் தெளிவைக் கணக்கிடுவதைப் பாருங்கள். 1200 படப்புள்ளி அகலமுள்ள படத்தை 4 அங்குலத்தில் வைத்தால் அங்குலத்திற்கு 300 புள்ளிகள், அச்சுக்குப் போதும். அதையே 8 அங்குலத்திற்கு இழுத்துவிட்டால் 150 ஆகிவிடும். ஆகவே படத்தின் மூல அளவோடு, அது பக்கத்தில் எவ்வளவு பெரிதாக வைக்கப்பட்டுள்ளது என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

கண்ணுக்குத் தப்பும் பிழைக்கு வெள்ளை எழுத்து நல்ல எடுத்துக்காட்டு. நீலப் பின்னணியில் உள்ள வெள்ளை எழுத்துக்கு 'ஓவர்பிரின்ட்' பண்பு தவறுதலாக இடப்பட்டிருந்தால், திரையில் அது தெரியக்கூடும், அச்சில் மறைந்துவிடும். வெள்ளைக்கு மை இல்லை. நீலத்தில் அந்த இடம் வெட்டி விடப்படுவதும் இல்லை. மென்பொருளுக்கு இது இரண்டு பண்புகளை ஒப்பிடும் சிறு வேலை.

வடிவமைப்பில் கவனிக்க வேண்டியவை

விதிகளை நிரலுக்குள் எழுதிவிடாமல் தனித் தொகுப்பாக வைப்பதே வழக்கம். நான்கு மைகளின் கூட்டளவு செய்தித்தாளுக்கு 240 விழுக்காடு என்றால், வழவழப்பான ஆர்ட் தாள் 300 வரை தாங்கும். ஒரே விதி இரண்டுக்கும் பொருந்தாது.

எச்சரிக்கைகளின் எண்ணிக்கையும் முக்கியம். வேண்டுமென்றே மங்கலாக்கிய பின்னணிப் படத்திற்கெல்லாம் 'தெளிவு குறைவு' என்று சொல்லிக்கொண்டிருந்தால், பணியாளர் படிக்காமலே தாண்டிச் செல்லப் பழகிவிடுவார். உண்மையான பிழையும் அதோடு போகும். ஆதலால் நிறுத்த வேண்டியவை, பார்த்துக்கொள்ள வேண்டியவை எனத் தரம் பிரிப்பர்.

தானே திருத்தும் வசதியில் இன்னும் எச்சரிக்கை தேவை. வெள்ளையின் ஓவர்பிரின்ட்டை நீக்குவதால் பெரும்பாலும் தீங்கில்லை. ஆர்ஜிபி நிறத்தை நான்கு நிறமாக மாற்றுவதோ ஒரு நிறுவனச் சின்னத்தின் சாயலையே மாற்றிவிடலாம். மூலக் கோப்பை அப்படியே வைத்துக்கொண்டு, செய்த திருத்தங்களை அறிக்கையில் குறிப்பதே முறை.

தமிழ்க் கோப்புகள்

ஒருங்குறிக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்கள் பல, ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்தவை. அத்தகைய எழுத்துரு கோப்பில் பதியாமல் வேறொன்று அதன் இடத்தில் அமர்ந்தால், பக்கம் முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகிவிடும். இதை மென்பொருள் பிடித்துவிடும். ஆனால், இந்திய எழுத்துகளைக் கோக்கத் தெரியாத பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் 'கெ' என்பதன் கொம்பு ககரத்திற்குப் பின்னால் போய் நின்றால், எழுத்துரு பதிந்திருப்பதால் கோப்பு 'சரி' என்றே தேறிவிடும். திருமண அழைப்பிதழில் தேதி மாறியிருந்தாலும் அப்படித்தான். அவற்றுக்கு அச்சுப்படி எடுத்து மெய்ப்புத் திருத்துநர் படிக்க வேண்டியிருக்கிறது.