வீட்டிலேயே சர்க்யூட் போர்டு... எந்தத் தாளில் பிரின்ட் எடுக்கலாம்?

இரவு பதினொரு மணி. சாப்பாட்டு மேஜையில் அம்மாவின் அயர்ன் பாக்ஸ். பக்கத்தில் பாழாய்ப்போன மூன்று காப்பர் போர்டுகள். "காலையில ப்ராஜெக்ட் ரிவ்யூக்கா... கோடு பாதிதான் ஒட்டுது" என்று கலங்கி நின்றான், இன்ஜினீயரிங் மூன்றாம் ஆண்டு படிக்கும் என் தம்பி. சூட்டைக் கூட்டிப் பார்த்தான், குறைத்துப் பார்த்தான், பலம் கொண்டமட்டும் அழுத்திப் பார்த்தான். பிரச்னை தாளில் இருந்தது!

டோனர் எப்படி ஒட்டுகிறது?

லேசர் பிரின்டரின் டோனர், திரவ மை அல்ல. நுண்ணிய பிளாஸ்டிக் தூள். சூடுபட்டால் இளகும், ஆறினால் இறுகும். சர்க்யூட் படத்தைப் பிரின்ட் எடுத்து, காப்பர் போர்டின்மேல் கவிழ்த்துத் தேய்த்தால் டோனர் செம்பில் ஒட்டிக்கொள்ளும். பிறகு போர்டை ஃபெர்ரிக் குளோரைடு கரைசலில் போட்டால், டோனர் மூடாத செம்பு கரைந்துபோகும். கோடுகள் மட்டும் மிஞ்சும். இன்க்ஜெட் பிரின்ட் இதற்கு உதவாது.

பொதுவாக, அச்சை இறுகப் பிடித்துக்கொள்வதுதான் நல்ல தாள். இந்த வேலைக்கோ, டோனரை சுலபமாக விட்டுக்கொடுக்கும் தாள்தான் வேண்டும்.

எந்தத் தாள் எப்படி?

சாதாரண ஏ4: தம்பி பயன்படுத்தியது இதைத்தான். டோனர் இழைகளுக்குள் புகுந்துகொள்ளும். தாளை உரிக்கும்போது கோடும் சேர்ந்து வந்துவிடும்.

வார இதழின் வழவழப்பான பக்கம்: காசில்லாத வழி. இதன்மேல் உள்ள களிமண் பூச்சு தண்ணீரில் ஊறினால் இளகி, டோனரை விட்டுவிடும். பக்கத்தில் ஏற்கெனவே இருக்கும் அச்சு பெரும்பாலும் தொந்தரவு தராது. தாள் மெல்லியது என்பதால் பிரின்டரில் சிக்கலாம். பின், கிழிசல், மடிப்பு இல்லாமல் ஏ4 அளவுக்கு வெட்டிக்கொள்ளுங்கள்.

போட்டோ பேப்பர்: உஷார்! இன்க்ஜெட்டுக்கான சில போட்டோ பேப்பர்களில் பிளாஸ்டிக் பூச்சு இருக்கும். லேசர் பிரின்டரின் சூட்டில் அது உருகி ரோலரில் ஒட்டினால், செலவு பிரின்டருக்கு! லேசருக்கு ஏற்றது என்று அட்டையில் போட்டிருந்தால் மட்டும் வாங்குங்கள்.

மஞ்சள் நிற டிரான்ஸ்ஃபர் பேப்பர்: இதற்கென்றே தயாராவது, ஆன்லைனில் கிடைக்கிறது. பளபளக்கும் பக்கத்தில் பிரின்ட் எடுக்க வேண்டும். கோடுகள் சுத்தமாக இறங்கும். ஆனால், விரல் பட்டாலே டோனர் உதிரும். ஓரத்தைப் பிடித்தே தூக்குங்கள்.

பிரின்ட் எடுப்பது ஜெராக்ஸ் கடையில் என்றால், என்ன தாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவர் பிழைப்பே அந்த மெஷின்தான்.

இதையும் மறக்காதீங்க!

* டோனர் சேவ் மோடை அணைத்து, முழுக் கறுப்பில் பிரின்ட் எடுங்கள். தாளில் எழுத்துகள் இடவலம் மாறித் தெரிந்தால்தான் போர்டில் நேராக விழும்.

* போர்டைப் பாத்திரம் தேய்க்கும் நாரால் பளபளவெனத் தேய்த்துத் துடையுங்கள். கைரேகை இருந்தாலும் டோனர் ஒட்டாது.

* அயர்ன் பாக்ஸ் காட்டன் சூட்டில் இருக்கட்டும்; நீராவி வேண்டாம். மூன்று முதல் ஐந்து நிமிடம், ஓரங்கள் வரை நகர்த்தித் தேய்க்கவும்.

* வார இதழ்த் தாள் என்றால், போர்டு ஆறியதும் கால் மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து விரலால் மெதுவாக உருட்டி எடுங்கள். விட்டுப்போன கோட்டை பெர்மனென்ட் மார்க்கரால் நிரப்பலாம்.

* ஃபெர்ரிக் குளோரைடைத் தொடும்போது கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். பிளாஸ்டிக் டப்பாவையே பயன்படுத்துங்கள்; சமையல் பாத்திரம் வேண்டவே வேண்டாம். மிச்சக் கரைசலை சிங்க்கில் ஊற்றாமல், மூடிபோட்ட பிளாஸ்டிக் பாட்டிலில் சேர்த்து, முறைப்படி அப்புறப்படுத்த கல்லூரி லேபில் கேளுங்கள்.

அன்று இரவு, வீட்டில் கிடந்த பழைய வார இதழிலிருந்து ஒரு பக்கத்தை வெட்டி, அப்பாவின் லேசர் பிரின்டரில் நுழைத்தோம். நான்காவது போர்டில் கோடுகள் முழுதாக இறங்கின. விடிவதற்குள் எல்.இ.டி-யும் கண் சிமிட்டியது. எழுந்து வந்த அம்மா கேட்டது ஒன்றுதான்: "ஏன்டா, நான் இன்னும் படிக்காத தொடர்கதைப் பக்கத்தையா வெட்டினீங்க?"