தேநீர்க்கடை வாங்கில் பிறக்கும் அபிப்பிராயங்கள்

உலகில் விலை கொடாமற் கிடைக்கும் பொருள்கள் மிகச் சிலவே. காற்று ஒன்று, கடற்காட்சி மற்றொன்று, மூன்றாவது, பிறருடைய அபிப்பிராயம். திருகோணமலை உட்துறைமுகத்து இறங்குதுறைக்கு அண்மையிலே, விடியற்காலையில் ஒரு தேநீர்க்கடைக்குட் புகுபவருக்கு இம்மூன்றும் ஒருங்கே கிடைத்துவிடும். தேநீருக்கு மாத்திரமே பணம்.

அக்கடையின் முன்புறத்தில் நீண்ட வாங்கு ஒன்று கிடக்கின்றது. மூதூருக்குப் படகு ஏற வருபவர், மீன் ஏலத்துக்குப் போய்த் திரும்புபவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், கிண்ணியாவிலிருந்து வரும் நெல் வியாபாரி, கல்லூரி மாணவர் ஆகிய எல்லாரும் அதில் அமர்ந்து எழுந்தவர்களே. நாடாளுமன்றத்திற் பேசுவதற்கு நேர வரையறை உண்டு. இந்த வாங்கில் அது கிடையாது. விஞ்ஞானம், அரசியல், சமூகம் என்று நூல்களிலே தனித்தனி அத்தியாயங்களாகப் பிரித்து வைக்கப்பட்டவையெல்லாம் இங்கே ஒரே கோப்பைத் தேநீரில் கலந்துவிடுகின்றன.

இவ்வாறான பேச்சை “வெறும் வாய்ச்சவடால்” என்று தள்ளிவிடுவோர் உளர். “மக்கள் குரலே மகேசன் குரல்” என்று தலைமேற் கொள்வோரும் உளர். இவ்விரண்டும் பிழை என்பதே எமது எண்ணம். அது ஏன் என்பதனைச் சில உதாரணங்களால் விளக்க முயல்வோம்.

குதங்களும் வெறும் போத்தலும்

2022ஆம் ஆண்டை இலங்கையர் எவரும் எளிதில் மறந்துவிட மாட்டார்கள். பெற்றோலுக்கு ஒரு வரிசை, எரிவாயுவுக்கு ஒரு வரிசை, மண்ணெண்ணெய்க்கு ஒரு வரிசை என்று நாடே வரிசையில் நின்ற ஆண்டு அது. திருகோணமலையிலும் மக்கள் நின்றார்கள். ஆனால் இங்கு நின்றவர்களுக்கு வேறெங்கும் இல்லாத ஒரு வேதனை இருந்தது. சில மைல் தூரத்திலே, சீனன்குடாக் காட்டுக்குள், பிரித்தானியர் தமது கடற்படைக் கப்பல்களுக்காகக் கட்டிய 99 எண்ணெய்க் குதங்கள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கிலோலீற்றர் கொள்ளத்தக்கது.

“இவ்வளவு பெரிய குதங்களைப் பக்கத்தில வைச்சுக்கொண்டு நாங்கள் போத்தலோட நிக்கிறம், தம்பி. எல்லாத்தையும் பிற நாட்டானுக்குக் குடுத்துப்போட்டாங்கள். அதுதான் இந்தக் கதி,” என்றார் வாங்கில் இருந்த பெரியவர் ஒருவர். சுற்றியிருந்தோர் அனைவரும் தலையசைத்தனர்.

தலையசைப்பதற்கு முன் விடயங்களைச் சற்றே அடுக்கிப் பார்ப்போம். 1987 ஜூலை 29ஆந் திகதி செய்யப்பட்ட இந்திய இலங்கை ஒப்பந்தத்துடன் பரிமாறப்பட்ட கடிதங்களிலேயே, இக்குதங்களை இரு நாடுகளும் கூட்டாகப் புனரமைக்கும் என்ற வாசகம் உண்டு. 2003ஆம் ஆண்டளவில் லங்கா ஐ.ஓ.சி. நிறுவனம் இங்கு காலூன்றியது. 2022 ஜனவரியில், அதாவது வரிசைகள் நீளத் தொடங்குவதற்குச் சற்று முன்னர், புதிய உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. அதன்படி 14 குதங்கள் லங்கா ஐ.ஓ.சி.யிடமும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடமும், எஞ்சிய 61 கூட்டுக் கம்பனி ஒன்றிடமும் சேர்ந்தன. அக்கம்பனியில் நூற்றுக்கு 51 பங்கு எமது கூட்டுத்தாபனத்துக்கு. 49 பங்கு லங்கா ஐ.ஓ.சி.க்கு. 2025 ஏப்ரலில் ஐக்கிய அரபு இராச்சியமும் சேர்ந்து, திருகோணமலையை ஒரு சக்தி மையமாக்குவதற்கு முத்தரப்பு உடன்பாடு ஒன்று எழுதப்பட்டது.

ஆகவே, “எல்லாவற்றையும் கொடுத்துவிட்டார்கள்” என்பது சரியன்று. ஆனாற் பெரியவரின் சினம் முழுவதும் பிழையென்றும் கூறமுடியாது. குதங்களுட் பெரும்பாலானவை பல்லாண்டு காலமாகத் துருவேறிக் காட்டுக்கொடி படர்ந்து கிடந்தமை கண்ணாற் கண்ட உண்மை.

நிற்க. இதனினும் முக்கியமான ஒரு தவறு அவர் கூற்றில் ஒளிந்திருக்கின்றது. குதம் என்பது பாத்திரம், எண்ணெய் அன்று. வீட்டிற் பத்துப் பானைகள் இருந்தாலும் அரிசி வாங்கக் காசில்லையேல் உலை கொதிக்குமா? 2022இல் நாட்டுக்கு இல்லாமற் போனது பானையன்று, காசு. வெளிநாட்டு நாணயம் வற்றிப்போய், ஏப்ரல் 12ஆந் திகதி அரசாங்கம் தனது வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதையே இடைநிறுத்த நேர்ந்தது. 99 குதங்களும் எமது கையில், எண்ணெய் தேய்த்துத் துலக்கியபடி இருந்திருப்பினும், அவ்வரிசை நின்றேயிருக்கும்.

என் வாய் செய்த தவறு

பெரியவரைத் திருத்திவிட்டேன் என்று பெருமை கொள்ள எனக்கு உரிமையில்லை. அவ்வாண்டில் நானும் ஓர் அபிப்பிராயம் சொன்னேன். அதுவும் உரத்த குரலில்.

மண்ணெண்ணெய் வரிசையிலே மீன்பிடிப்பவர் பலர் பெரிய கலன்களுடன் நிற்பதைக் கண்டு, “அடுப்பெரிக்க ஒரு போத்தல் கேட்பவனுக்கு இல்லை, இவர்கள் கலன் கலனாகக் கொண்டுபோய்ப் பதுக்குகிறார்கள்,” என்றேன். எனக்கு முன்னே நின்ற ஒருவர் திரும்பிப் பார்த்தார். கோபப்படவில்லை. “ஐயா, வெளியிணைப்பு இயந்திரம் தண்ணியில ஓடாது. நான் கடலுக்குப் போய் ஒன்பது நாள். பதுக்க வைச்சிருந்தா இஞ்ச ஏன் நிக்கிறன்?” என்றார். பின்பு தமது கலனை எனக்குத் திறந்து காட்டினார். அது வெறுமையாய் இருந்தது. உட்புறம் உலர்ந்தும் இருந்தது.

சிறு படகுகளின் இயந்திரங்கள் மண்ணெண்ணெயில் ஓடுவன என்பது எனக்குத் தெரியாத செய்தியன்று. தெரிந்திருந்தும் அதனை நினைத்துப் பாராமலே பேசினேன். அவ்வாண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெய் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாவாக உயர்ந்தபோது, என் நினைவுக்கு முதலில் வந்தது அந்த உலர்ந்த கலனே. பேசிய சொல்லை மீட்க முடியாது. ஆயினும் அடுத்த சொல்லுக்கு முன் சற்றே தயங்க அது கற்றுக்கொடுத்தது.

சம்பூரில் நிலக்கரியும் சூரியனும்

கொட்டியாரக் குடாவின் மறுகரையில் உள்ளது சம்பூர். 2006ஆம் ஆண்டுப் போரில் அவ்வூர் மக்கள் இடம்பெயர்ந்தனர். அவர்கள் இல்லாத காலத்தில் அவர்களது நிலம் பாதுகாப்பு வலயமாகவும் தொழில் வலயமாகவும் வரைபடத்திற் குறிக்கப்பட்டது. அங்கே இந்தியாவும் இலங்கையும் கூட்டாக 500 மெகாவாற் நிலக்கரி மின்னிலையம் அமைப்பதெனத் தீர்மானிக்கப்பட்டது. 2015ஆம் ஆண்டிலேதான் மக்கள் தம் காணிகளுக்கு மீளத் தொடங்கினர்.

அக்காலத்தில் எமது வாங்கு இரு கட்சியாகப் பிரிந்தது. “மின்சாரம் வேண்டாமா? பிள்ளைகளுக்கு உத்தியோகம் வேண்டாமா?” என்பது ஒரு கட்சி. “சாம்பலை நாங்கள் சுவாசிக்க, வெளிச்சம் கொழும்புக்கா?” என்பது மறுகட்சி. நிலக்கரி நிலையம் குளிர்வதற்குக் கடல்நீரை உறிஞ்சி, வெப்பமேறிய நீரைத் திருப்பி விடும். எரித்த கரி சாம்பலாகி மலைபோற் குவியும். மீன்வளத்தையும் வயலையும் நம்பியிருப்போருக்கு இவை அற்ப விடயங்களல்ல. வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. 2016இல் அரசாங்கம் அந்நிலையத்தைச் சம்பூரில் அமைப்பதில்லை என்று அறிவித்தது.

அதே சம்பூரில், 2025 ஏப்ரல் 5ஆந் திகதி, 120 மெகாவாற் சூரியசக்தி மின்னிலையத்துக்கான வேலைகள் தொடக்கிவைக்கப்பட்டன. புகையில்லை, சாம்பலில்லை. அப்படியானால் விவாதம் முடிந்துவிட்டதா? இல்லை. சூரியத்தகடுகள் பரந்த நிலத்தை வேண்டுவன. மேய்ச்சல் தரையை எண்ணிக் கவலைப்படும் மாட்டுக்காரனுடைய கேள்வி வேறு. இரவில் விளக்கெரிய மின்கலன்களிற் சேமித்தாக வேண்டுமே என்று கேட்கும் மாணவனின் கேள்வி வேறு. இரண்டும் நியாயமானவை.

ஒருமுறை சம்பூர்ப் பக்கத்து மூதாட்டி ஒருவர், படகுக்குக் காத்திருந்தபடி, எங்கள் வாதத்தை நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியாகச் சொன்னார்: “கரியோ வெயிலோ எதையாவது கொண்டு வாங்கோ, மக்காள். ஆனா வாறதுக்கு முந்தி ஒருக்கா எங்களட்டயும் கேளுங்கோ.” இயந்திரம் நல்லதா தீயதா என்பதிலேயே நாங்கள் ஒரு மணி நேரத்தைக் கழித்தோம். யாரைக் கேட்டு வைப்பது என்ற கேள்வி அம்மூதாட்டி வாயிலிருந்துதான் வந்தது.

பாலமும் பாதையும்

கிண்ணியா வியாபாரியை நாங்கள் ‘நானா’ என்றே அழைப்போம். தொழில்நுட்பம் மனிதனைச் சோம்பேறியாக்குகின்றது என்று ஆசிரியர் ஒருநாள் விரிவுரை செய்தபோது, நானா சிரித்தார். “மாஸ்டர், பாலம் வாறதுக்கு முந்தி நோயாளியோட பாதையில காத்திருந்திருக்கிறீங்களா?” என்றார். எங்கள் பகுதியில் ‘பாதை’ என்றால் ஆற்றைக் கடத்திவிடும் மிதவைக்கும் பெயர். 2009ஆம் ஆண்டு ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை, நோயாளியும் கர்ப்பிணியும் அப்பாதைக்குக் காத்திருந்தே நகரத்துக்கு வந்தார்கள். ஆசிரியர் அதன்பின் அவ்விரிவுரையைத் தொடரவில்லை.

ஆனால் அதே கிண்ணியாப் பிரதேசத்தில், குறிஞ்சாக்கேணியிலே, 2021 நவம்பர் 23ஆந் திகதி நிகழ்ந்ததையும் சொல்லியாக வேண்டும். பாலவேலை நடந்துகொண்டிருந்த இடத்திலே மக்களை ஏற்றிச் சென்ற மிதவை கவிழ்ந்தது. காலையிற் பள்ளிக்குப் புறப்பட்ட சிறுவர்கள் உட்படப் பலர் மாண்டனர். புதிய பாலம் வரும் என்பது உண்மை. அது வரும்வரை பிள்ளைகள் எதில் ஏறிப் போவார்கள் என்பதை எத்தனை பேர் உரக்கக் கேட்டோம்? அன்று மாலை வாங்கில் எல்லாரும் இருந்தார்கள், எவரும் பேசவில்லை.

வீணாக ஓடிய நாள்

இன்னுமொன்று. 2004 டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை எவ்வித முன்னறிவித்தலுமின்றி வந்தது. கிண்ணியா வைத்தியசாலை உட்பட எமது கரையிற் பலவற்றை அழித்தது. அதன் பின்னரே இந்து சமுத்திரத்துக்கு ஓர் எச்சரிக்கை ஒழுங்கு அமைந்தது. 2012 ஏப்ரல் 11ஆந் திகதி சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவான நிலநடுக்கம் நிகழ்ந்தபோது எச்சரிக்கை வந்தது. கரையோர மக்கள் ஓடினார்கள். பேரலை வரவில்லை.

மறுநாள் வாங்கில் ஒரே ஏளனம். “மெசினை நம்பினால் இப்படித்தான்.” உண்மையில் அன்று கடற்றளப் பாறைகள் பக்கவாட்டில் நழுவின; மேலெழுந்து நீரைத் தள்ளவில்லை. ஆகையால் அலை எழவில்லை. நிலம் அதிர்ந்த சில நிமிடங்களுக்குள் இதனை எவராலும் உறுதியாகக் கூறமுடியாது. வீணாக ஓடிய நூறு நாள்கள், ஓடாமல் இருந்த ஒரு நாளினும் மேலானவை. 2004ஐக் கண்ட எமக்கு இதனை யாரும் கற்பிக்கத் தேவையில்லை. ஆயினும் எட்டு ஆண்டுகளுள் அதனை மறக்க எம்மால் முடிந்தது.

கேள்வியும் அறிவும்

திருவள்ளுவர் ‘அறிவுடைமை’ என்று ஓர் அதிகாரம் வகுத்தார். அதற்கு முன்னுள்ள அதிகாரத்தின் பெயர் ‘கேள்வி’. முதலிற் கேள்; பின்பு அறிவாய் என்பது போல அவ்வரிசை அமைந்திருக்கின்றது. இன்று கைத்தொலைபேசியிலே செய்தி வந்து விழுமுன்னரே அபிப்பிராயம் புறப்பட்டுவிடுகின்றது. வாங்கிற் பேசியது மாலைக்குள் மறக்கப்படும். தொலைபேசியில் எழுதியதோ ஊரெல்லாம் சுற்றி, சில வேளைகளில் அயலவனின் கதவையும் தட்டும். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே துறைமுகத்தை நம்பி வாழும் ஊரிலே, அவ்வாறு தட்டும் கை எத்தகையது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மாணவருக்கு ஒரு சிறு யோசனை கூறுவேன். ஓர் அபிப்பிராயம் நாவின் நுனிக்கு வரும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். இதற்கு நான் அறிந்த ஆதாரம் யாது? இதனால் நன்மையடைபவர் யார், சுமையைத் தாங்குபவர் யார்? அச்சுமையைத் தாங்குபவர் முன்னிலையில் நின்று இதே சொல்லை நான் சொல்வேனா? மூன்றாவது கேள்விதான் எனக்குக் கலனைத் திறந்து காட்டிய மனிதர் கேட்ட கேள்வி.

இதனாற் பேச்சு நின்றுபோகும் என்று அஞ்ச வேண்டாம். சென்ற வாரமும் அந்த வாங்கிற் போய் இருந்தேன். பெரியவர் இருந்தார், நானா இருந்தார், குதங்களைப் பற்றியே பேச்சு. “தம்பி, அந்தக் கூட்டுக் கம்பனியில எங்களுக்கு எத்தனை பங்கு எண்டு சொன்னாய்?” என்று பெரியவர் என்னைக் கேட்டார். 51 என்றேன். சற்று நேரம் யோசித்தார். “அப்ப ஏன் இன்னும் துரு?” என்றார்.

அவருடைய கேள்வி இப்போது சரியான இடத்தைத் தொட்டுவிட்டது. விடை சொல்ல வேண்டியவர்கள் வாங்கில் இல்லை.