மூன்று குரலில் ஒரு பெருந்தொகுப்பு

1982இல் கடைகளுக்கு வந்த கமடோர் 64 என்ற வீட்டுக் கணினிக்குள், பாப் யானஸ் வடிவமைத்த ‘சிட்’ என்ற ஒலிச் சிப் இருந்தது. ஒரே நேரத்தில் மூன்று குரல்கள்; அதற்கு மேல் அதனால் ஆகாது. அந்த மூன்றை வைத்துக்கொண்டு பிரிட்டனில் ராப் ஹப்பர்ட், மார்ட்டின் கால்வே, பென் டாக்லிஷ் போன்றவர்கள் வீடியோ கேம்களுக்கு மெட்டமைத்தார்கள். அந்த மெட்டுகளையெல்லாம் 1996 முதல் ரசிகர்களே தேடிச் சேர்த்து வருகிறார்கள். ‘ஹை வோல்டேஜ் சிட் கலெக்‌ஷன்’ என்ற அந்தத் தொகுப்பில் இப்போது 50,000க்கும் மேற்பட்ட ஃபைல்கள் இருக்கின்றன. கேம் இசையோடு, ஆர்வலர்கள் தங்கள் திறமையைக் காட்டுவதற்காகவே எழுதிய மெட்டுகளும் இதில் அடக்கம். சுருக்கி வைத்தால் மொத்தமும் 100 மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். கிடைத்ததையெல்லாம் அள்ளிப் போட்ட பழைய நினைவுகளின் மூட்டை என்றுதான் வெளியில் இருப்பவர்களுக்கு இது தோன்றும். உண்மையில் இங்கே நடப்பது பதிப்புப் பணி. எது மூலம், யாருடையது, எப்போது வந்தது என்று ஒவ்வொரு ஃபைலுக்கும் தீர்மானித்திருக்கிறார்கள். தொகுப்பின் மதிப்பு எண்ணிக்கையில் இல்லை, அந்தத் தீர்மானங்களில்தான் இருக்கிறது என்பது என் வாதம்.

முதல் தீர்மானம், எதைச் சேமிப்பது என்பது. அந்தக் காலத்து கேமுக்குள் பாட்டு என்று பதிவு செய்த ஒலி எதுவும் கிடையாது. 64 கிலோபைட் நினைவகத்தில் படமும் விளையாட்டும் போக மிஞ்சிய இடத்தில் ஒரு சின்ன புரோகிராம் உட்கார்ந்திருக்கும். ஐரோப்பியக் கணினியில் பெரும்பாலும் விநாடிக்கு 50 முறை அது விழித்துக்கொண்டு, இந்தக் குரலுக்கு இந்தச் சுரம், இவ்வளவு அழுத்தம், இந்த வடிகட்டி என்று சிப்புக்கு உத்தரவு போடும். மூன்று சுரங்களைச் சேர்த்து ஒலிக்க வேண்டுமா, குரலோ ஒன்றுதான் மிச்சமா? மூன்றையும் ஐம்பதில் ஒரு விநாடிக்கு ஒன்றாக மாற்றி மாற்றி வாசிக்கச் சொல்வார்கள். காது அதை ஒரே இசைவாக எடுத்துக்கொள்ளும். அந்தக் கால கேம்களில் கேட்கும் துடிதுடிப்பான நாதத்துக்கு இதுதான் காரணம். தொகுப்பாளர்கள் எடுத்து வைத்தது இந்தப் புரோகிராமைத்தான். கேம் ஓடும்போது நினைவகத்தைத் துழாவி, இசைப் பகுதி எங்கே தொடங்குகிறது, எந்த முகவரியைக் கூப்பிட்டால் அடுத்த சுரம் வரும் என்று கண்டுபிடித்து, அதை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். கீர்த்தனையையும் வித்வானையும் சேர்த்துச் சில கிலோபைட்டில் மடித்து வைத்துவிட்டு, வீணையை மட்டும் கேட்பவர் கொண்டுவரட்டும் என்று விட்ட மாதிரி.

வீணை எங்கே கிடைக்கும் என்பது நியாயமான கேள்வி. சிட் சிப்பை உற்பத்தி செய்வது நின்று பல காலமாகிவிட்டது. இன்று பெரும்பாலானோர் கேட்பது எமுலேட்டர் வழியாக, அதாவது சிப்பைப் போல நடிக்கும் மென்பொருள் வழியாக. அசலின் வடிகட்டியோ சிப்புக்குச் சிப் கொஞ்சம் வேறுபட்டது. 6581 என்ற முதல் வகையில், ஒலி அளவை வேகமாக ஏற்றி இறக்கியே டிரம் சத்தத்தையும் பேச்சையும் கொண்டுவந்தார்கள். பிந்தைய 8580 வகையில் அதே தந்திரம் கிட்டத்தட்ட ஊமையாகிவிட்டது. அப்படியிருக்க, நல்ல அசல் கணினியில் வாசித்துப் பதிவு செய்து வைத்திருந்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. பதிவு என்பது ஒரு சிப், ஒரு நாள், ஒரு கேபிள் தந்த ஒலி. அதிலிருந்து பின்னோக்கிப் போக வழியில்லை. புரோகிராமை வைத்திருந்தால், எமுலேட்டர் தேறத் தேற பழைய ஃபைல் தொடப்படாமலே துல்லியமாக ஒலிக்கும். அசல் சிப் கைவசம் உள்ளவர் அதிலேயே வாசித்துக்கொள்ளலாம். எந்த வகைச் சிப்புக்காக எழுதியது, ஐரோப்பிய வேகமா அமெரிக்க வேகமா என்ற குறிப்பையும் ஃபைலின் தலைப்பகுதியிலேயே வைக்க இடம் இருக்கிறது.

அந்தத் தலைப்பகுதியில் மெட்டின் பெயர், இயற்றியவர், வெளியான ஆண்டும் நிறுவனமும் என்று மூன்று வரிகள் உண்டு. நடுவரிதான் தலைவலி. பல கேம்களில் இசையமைப்பாளர் பெயரே போடவில்லை. வாசிக்கும் புரோகிராமின் சாயலை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கலாம்தான், ஏனென்றால் பலர் தங்களுக்கென்று ஒன்றை எழுதி வைத்திருந்தார்கள். ஆனால் ஹப்பர்ட் எழுதியதைப் பிறர் உருவியெடுத்துத் தங்கள் மெட்டுக்குப் பயன்படுத்தினார்கள். சாயலை மட்டும் நம்பினால் ஊரார் பிள்ளையெல்லாம் அவர் கணக்கில் ஏறிவிடும். இன்னொரு சிக்கல், மெட்டே கடன் வாங்கியதா என்பது. 1985இல் வந்த ‘மான்ட்டி ஆன் த ரன்’ ஹப்பர்ட்டின் புகழ்பெற்ற படைப்பு. அதன் முதல் பகுதி, பிபிசி வானொலியின் ‘டிக் பார்ட்டன்’ தொடருக்கு முகப்பிசையாக இருந்த, சார்லஸ் வில்லியம்ஸின் ‘டெவில்ஸ் கேலப்’பைத் தழுவியது. ‘ஸாய்ட்ஸ்’ கேமின் இசை, சினர்ஜி என்ற பெயரில் இசை வெளியிட்ட லாரி ஃபாஸ்ட்டின் மெட்டு. இப்படிப்பட்ட கடன்களையும், இசையமைப்பாளர்களே சொன்ன விளக்கங்களையும் தொகுப்போடு ஒரு தனிக் குறிப்பேட்டில் தருகிறார்கள். மெட்டுகள் முடிவில்லாமல் சுற்றிக்கொண்டிருப்பதால், ஒவ்வொன்றையும் எத்தனை நிமிடத்தில் நிறுத்துவது என்பதற்குக்கூட ஒரு பட்டியல் உண்டு. அலுப்பூட்டும் வேலை; அதைச் செய்யத்தான் ரசிகர்கள் தேவைப்பட்டார்கள்.

இந்த நுணுக்கமெல்லாம் யாருக்கு வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வழக்கைக் காட்டலாம். ஃபின்லாந்தின் யான்னே சூனி எழுதிய ‘ஆசிட்ஜாஸ்டு ஈவினிங்’ 2000இல் ஹெல்சிங்கியின் அசெம்ப்ளி விழாவில் போட்டிக்கு வந்தது. நார்வேயின் க்ளென் கல்லெஃபாஸ் அதை சிட் சிப்புக்கு மாற்றி அமைத்தார். சில ஆண்டுகள் கழித்து, நெல்லி ஃபர்டாடோ பாடி டிம்பர்லேண்ட் தயாரித்த ‘டூ இட்’ பாட்டில் இந்த இசை அப்படியே கேட்கிறது என்று சலசலப்பு எழுந்தது. அமெரிக்காவில் வழக்காகி, 2012இல் மேல்முறையீட்டிலும் தோற்றது. இசை எடுத்தாளப்பட்டதா என்ற கேள்வியில் அது தோற்கவில்லை. கல்லெஃபாஸின் பதிவு முதலில் எங்கே, எந்த வடிவில் வெளியானது என்பது வழக்குத் தொடுத்தவருக்குச் சாதகமாக நிரூபணமாகவில்லை. அமெரிக்காவில் பதிப்புரிமையைப் பதிவு செய்யாமலே வழக்குத் தொடுக்கலாமா என்பது அதைப் பொறுத்திருந்தது. எப்போது, எதில் வெளியானது என்ற சலிப்பூட்டும் அந்த ஒற்றை வரிக்கு நீதிமன்றத்தில் அவ்வளவு எடை.

பதிப்புரிமை என்று வந்துவிட்ட பிறகு, கடினமான ஆட்சேபத்தையும் பார்த்துவிடலாம்: அனுமதி கேட்காமல் அடுத்தவர் இசையைப் பரப்புவது திருட்டில்லையா? சட்டப்படி இந்தத் தொகுப்பு பாதுகாப்பான இடத்தில் நிற்கிறது என்று என்னால் சொல்ல முடியாது. தன் இசையை யூடியூபில் ஏற்றிய ஒரு ரசிகர் சேனல்மீது நிண்டெண்டோ 2022இல் 1,300க்கும் மேற்பட்ட உரிமைக் கோரிக்கைகளை வைத்தது, சேனலை நடத்தியவரே அதை மூடிவிட்டார். உரிமையாளர் இருக்கிறார், கேட்கிறார், சரி. கமடோர் 64 உலகில் கேட்பதற்கு ஆள் யார்? ‘மான்ட்டி’யை வெளியிட்ட கிரெம்லின் கிராபிக்ஸும் கால்வே வேலை பார்த்த ஓஷனும் 1990களிலேயே இன்ஃபோகிராம்ஸுக்குள் கரைந்துபோயின. அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010க்கு முன் அங்கே வந்த கேம்களில் 87 சதவீதம் இன்று விற்பனையில் இல்லை. கமடோர் 64இன் நிலை அதைவிட மோசம். விற்காத பொருளின் இசையை விலையில்லாமல் காப்பதையும், திருட்டுக் கேசட் போட்டு விற்பதையும் ஒரே தட்டில் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. இசையமைப்பாளருக்கு இதனால் நஷ்டம் என்ற வாதத்துக்கும் வலு குறைவு. 2019இல் ஹல் நகர மண்டபத்தில் முழு ஆர்கெஸ்ட்ரா ஒன்று இந்த மெட்டுகளை வாசித்தது; ஹப்பர்ட்டின் சொந்த ஊர் அது. கேட்கவும் பேசவும் ரசிகர்கள் முப்பது ஆண்டுகளாக விடாமல் இருந்ததால்தான் அப்படியொரு மேடைக்குக் கூட்டம் வந்தது.

நிறுவனங்களே வெளியிட்டுவிட்டால் இந்த வேலை தேவைப்படாது என்று நினைப்பவர்கள், நிண்டெண்டோ 2024 அக்டோபரில் கொண்டுவந்த ‘நிண்டெண்டோ மியூசிக்’ செயலியைப் பார்க்கலாம். அசல் இசை, தெளிவான ஒலி, உரிமையில் எந்தச் சிக்கலும் இல்லை. விரும்பினால் ஒரே மெட்டை ஒரு மணி நேரம் நீட்டிக்கொள்ளும் வசதியும் உண்டு. வெளியானபோது அதில் இசையமைப்பாளர்களின் பெயர் மட்டும் இல்லை.