ரெண்டு வரிக்கு நடுவே பத்து வரி... ராமானுஜனுக்கு துறைமுக அதிகாரி கொடுத்த அட்வைஸ், கணித செமினாருக்கு இப்பவும் ஏன் தேவை?

ராயபுரத்தில் இருந்து ராஜாஜி சாலை வழியாக பாரிமுனைக்கு பஸ்ஸில் வந்தால், இடது பக்கம் முழுக்க துறைமுகம்தான். 1912 மார்ச் 1-ம் தேதி, இதே துறைமுகத்தின் கணக்குப் பிரிவில் மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்கு ஒரு கிளார்க் சேர்ந்தார். அவர்தான் சீனிவாச ராமானுஜன்.

வேலைக்கு வரும்போதே அவர் ஆய்வுக் கட்டுரை எழுதியவர். பெர்னோலி எண்கள் பற்றிய முதல் கட்டுரை, 1911-லேயே இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் வந்துவிட்டது. ஆனால் அது அவ்வளவு லேசில் அச்சாகவில்லை. கைப்பிரதி ஆசிரியருக்கும் ராமானுஜனுக்கும் இடையே பலமுறை போய்வந்தது. விடை சரிதான், எப்படி வந்தது என்பதுதான் படிப்பவர்களுக்குப் புரியவில்லை.

கணித செமினாருக்கு முதல்முறை கட்டுரை எழுதும் மாணவர்கள் மாட்டிக்கொள்வதும் இதே இடத்தில்தான்.

*துறைமுகத்தில் கிடைத்த முதல் வாசகர்*

துறைமுக அலுவலகத்தில் ராமானுஜனுக்கு மேலதிகாரியாக இருந்தவர் நாராயண ஐயர். அவரும் கணிதம் படித்தவர், கணிதக் கழகத்தில் பொறுப்பில் இருந்தவர். சாயங்காலம் ஆனால் இருவரும் ஸ்லேட்டும் கையுமாக உட்கார்ந்துவிடுவார்களாம். ராமானுஜன் நாலைந்து படிகளை மனசுக்குள்ளேயே தாண்டிவிடுவார். எனக்கே புரியலைன்னா மத்தவங்க எப்படி ஒத்துப்பாங்க, உன்னோட ரெண்டு வரிக்கு நடுவுல பத்து வரியாவது எழுது என்ற அர்த்தத்தில் நாராயண ஐயர் கண்டித்ததாக அவர் குடும்பத்தினர் நினைவுகூர்ந்துள்ளனர்.

செமினாருக்கு முன்னால் கட்டுரையை ஒரு தோழரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வது இதற்காகத்தான். கைடு அந்த வேலைக்கு சரிவர மாட்டார். அவருக்கு ஏற்கெனவே தெரியும் என்பதால் விட்டுப்போன படியை அவரே மனதில் நிரப்பிக்கொள்வார்.

*3 எப்படி வந்தது?*

1911-ல் அதே இதழில் ராமானுஜன் ஒரு கேள்வி போட்டார், எண் 289. ஒரு வர்க்கமூலம், அதற்குள் இன்னொன்று, அதற்குள் இன்னொன்று என முடிவில்லாமல் போகும் கணக்கு:

√(1+2√(1+3√(1+4√(1+...

இதன் மதிப்பு என்ன? பல மாதங்கள் யாரும் விடை அனுப்பவில்லை. கடைசியில் அவரே சொன்னார்: 3.

வழி எளிது. 3 என்பது √9. 9 என்பது 1+2×4. அந்த 4 என்பது √16, அதாவது √(1+3×5). அந்த 5 என்பது √(1+4×6). இப்படியே உள்ளே போய்க்கொண்டே இருக்கலாம்.

செமினாரில் இதைப் பலகையில் எழுதினால் கைதட்டல் நிச்சயம். ஆனால் பின்வரிசையில் இருந்து ஒரு கேள்வி வரும்: இதே மாதிரி 4-ஐயும் எழுதலாமே?

எழுதலாம்! 4 என்பது √16, 16 என்பது 1+2×7.5. அந்த 7.5 என்பது √(1+3×18.41...). இதையும் முடிவில்லாமல் நீட்டலாம். அப்படியானால் விடை 3-ஆ, 4-ஆ?

இங்கேதான் அந்த 'பத்து வரி' தேவைப்படுகிறது. கணக்கை நடுவில் வெட்டி நிறுத்திப் பார்க்க வேண்டும். √(1+2) என்பது 1.732. அடுத்த படி 2.236. அப்புறம் 2.560, 2.755, 2.867. ஏறிக்கொண்டே போகிறது, ஆனால் 3-ஐத் தாண்டவில்லை. வெட்டி எறிந்த உள்பகுதியின் தாக்கம் வெளியே வர வர சுருங்கி பூஜ்யத்தை நெருங்குகிறது என்று நிரூபித்துவிட்டால் 3 உறுதி. 4-ல் அப்படி நடக்காது, உள்ளே இருக்கும் எண் 7.5, 18.41 என்று வேகமாக வீங்கிவிடுகிறது. இந்த வகை மூலங்கள் எப்போது ஒரு மதிப்பில் நிலைக்கும் என்பதற்கான பொது விதியைக் கொடுத்தவர் இன்னொரு தமிழகக் கணிதவியலாளர், டி.விஜயராகவன்.

*பேச்சுக்கு வேறு கணக்கு*

கட்டுரையில் பத்து வரி வேண்டும் என்றால், பேச்சில் நேர் எதிர். நம்ம ஊர் செமினார்களில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது. கட்டுரை இரண்டு பக்கம், பிபிடி நாற்பது ஸ்லைடு. இருபது நிமிடத்தில் முழு நிரூபணத்தையும் யாரும் பின்தொடர முடியாது. மேலே பார்த்த ஐந்து எண்களைப் பலகையில் ஒவ்வொன்றாகப் போட்டு, 4 என்ற பொய் விடையையும் காட்டி, நிரூபணம் எந்த இடத்தில் கடினமாகிறது என்று மட்டும் சொன்னால் போதும். மீதி கட்டுரையில் இருக்கட்டும். பின்வரிசைக் கேள்வியை நீங்களே முதலில் கேட்டுவிடுவது இன்னும் நல்லது.

*அவருக்கும் டெட்லைன் இருந்தது*

1913 மே மாதம் முதல் சென்னைப் பல்கலைக்கழகம் ராமானுஜனுக்கு மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்தது. நிபந்தனை ஒன்றுதான்: மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வு அறிக்கை தர வேண்டும். முதல் அறிக்கை ஆகஸ்ட் 5-ம் தேதி, இரண்டாவது நவம்பர் 7-ம் தேதி. மூன்றாவதை 1914 மார்ச் 9-ம் தேதி கொடுத்தார். எட்டு நாள் கழித்து, மார்ச் 17-ம் தேதி, தான் கணக்கு எழுதிய அதே துறைமுகத்தில் இருந்து 'நெவாசா' கப்பலில் இங்கிலாந்துக்குக் கிளம்பினார்.