மழைக் காலத்தில் கம்பளம் ஏன் களையிழக்கிறது?

தீபாவளிக்கு இரண்டு நாள் இருந்தபோது நான் செய்த தவறு ஒன்றைச் சொல்கிறேன். வரவேற்பறைக் கம்பளம் மங்கலாகத் தெரிந்ததால், சோப்பு நீரைத் தாராளமாக ஊற்றித் தேய்த்தேன். அன்று மாலையே மழை பிடித்துக்கொண்டது. தீபாவளிக் காலையிலும் கம்பளத்தின் அடிப்பக்கம் ஈரமாகவே இருந்தது. மறுநாள் பூஞ்சை வாடை அடித்தது. கம்பளத்தில் விளையாடிக்கொண்டிருந்த அக்கா மகனுக்குத் தும்மலில் தொடங்கி, இரவில் மூச்சிரைப்பு வந்துவிட்டது. அவனுக்கு ஏற்கெனவே ஆஸ்துமா உண்டு. அறிவியல் பாடம் நடத்தும் நானே அறிவியலை மறந்துபோன நாள் அது.

நவம்பர் முதல் மார்ச் வரை நீடிக்கும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நம் வீடுகள் பலவற்றில் இது நடக்கிறது. காரணம் என்ன?

மங்கலுக்கு மூன்று காரணங்கள்

முதலாவது, மணல். ஈரமான காலடிகளோடு நுண்ணிய மணல் துகள்கள் உள்ளே வருகின்றன. நாம் நடக்கும்போது அவை கம்பளத்தின் நைலான் அல்லது பாலிபுரோப்பிலீன் இழைகளை உரசிக் கீறுகின்றன. வழவழப்பான இழை ஒளியைச் சீராகப் பிரதிபலிக்கும். கீறல் விழுந்த இழையோ ஒளியைப் பல திசைகளில் சிதறடிக்கும். அதனால்தான் பலரும் நடக்கும் பகுதி, துப்புரவு செய்த பிறகும் மங்கலாகவே தெரிகிறது. அது அழுக்கு அன்று, தேய்மானம். எந்தச் சோப்பும் அதை மாற்றாது.

இரண்டாவது, எண்ணெய்ப் பசை. சமையல் புகையிலும் நம் பாதங்களிலும் உள்ள எண்ணெய் இழைகளில் மெல்லிய படலமாகப் படிகிறது. தூசு அதில் ஒட்டிக்கொள்கிறது.

மூன்றாவது காரணம் வியப்பானது. அதுதான் சோப்பு! சோப்பு மூலக்கூற்றின் ஒரு முனை நீரை நாடும்; மறுமுனை எண்ணெயை நாடும். நன்றாக அலசி எடுக்காவிட்டால் அது இழையிலேயே தங்கி, புதிய அழுக்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கழுவிய சில நாள்களிலேயே கம்பளம் முன்பைவிட அழுக்காகத் தெரிவது இதனால்தான்.

துடைத்த கறை மீண்டும் வருவது ஏன்?

மேலே துடைத்த கறையின் ஒரு பகுதி நீரோடு கீழே இறங்கி, கம்பளத்தின் அடியில் தங்குகிறது. மேற்பரப்பு காயும்போது, அடியிலுள்ள நீர் இழைகளுக்கு இடையே நுண்புழை விளைவால் மேலேறுகிறது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதைப் போலத்தான். நீர் ஆவியாகிவிடும், அது சுமந்துவந்த அழுக்கு இழையின் நுனியில் நின்றுவிடும்.

ஈரம் தங்கினால் என்ன ஆகும்?

நம் நாட்டில் ஒப்பு ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. அதாவது, அந்த வெப்பநிலையில் காற்று ஏற்கக்கூடிய நீராவியில் பெரும்பகுதி ஏற்கெனவே அதில் இருக்கிறது. மழை நாளில் இந்த அளவு இன்னும் கூடும். ஆகவே, கம்பளத்திலுள்ள நீர் ஆவியாவது மெதுவாகிறது.

ஈரம் ஓரிரு நாள் நீடித்தாலே பூஞ்சை வளரத் தொடங்கலாம். தூசிப் பூச்சிகளுக்கும் இது கொண்டாட்டம். ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர் நீளமே உள்ள இவை, நம் உடலிலிருந்து உதிரும் தோல் துகள்களை உண்கின்றன. இவை நீர் அருந்துவதில்லை. காற்றிலுள்ள ஈரத்தையே உறிஞ்சிக்கொள்கின்றன. ஈரப்பதம் தொடர்ந்து 50 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் காய்ந்து மடியும். இவற்றின் கழிவிலுள்ள புரதங்கள்தாம் பலருக்குத் தும்மலையும் ஆஸ்துமாவையும் தூண்டுகின்றன. பூச்சி இறந்த பிறகும் அந்தப் புரதம் கம்பளத்திலேயே இருக்கும் என்பதை மறக்காதீர்கள்.

நீங்கள் என்ன செய்யலாம்?

* வாசலுக்கு வெளியே ஒன்றும் உள்ளே ஒன்றுமாக இரண்டு கால்மிதிகள் போடுங்கள். காலணியைக் கழற்றுவது நம் வழக்கம்தான். ஈரப் பாதத்தையும் துடைத்துவிட்டு வாருங்கள்.
* காய்ந்த அழுக்கை முதலில் எடுங்கள். தூசு உறிஞ்சியை மெதுவாக, இரண்டு திசைகளிலும் நகர்த்துங்கள். மணல் மீது நீர் ஊற்றினால் அது சேறாகி இன்னும் ஆழமாக இறங்கும்.
* கறையைத் தேய்க்காதீர்கள். துணியால் ஒற்றி எடுங்கள். ஒரு குவளை நீரில் சில துளி பாத்திரச் சோப்பு போதும். பிறகு வெறும் நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் சோப்பை ஒற்றி எடுங்கள்.
* கடைசியில் உலர்ந்த வெள்ளைத் துணியைக் கறை மீது மடித்து வைத்து, மேலே கனமான பொருளை ஏற்றுங்கள். மேலேறும் நீர், அழுக்கோடு அந்தத் துணிக்குள் போய்விடும்.
* கம்பளத்தைத் தரையிலிருந்து தூக்கி, இரு பக்கமும் காற்றுப்பட வையுங்கள். மின்விசிறி ஈரக் காற்றை நகர்த்தும். அறையிலிருந்து நீரை அகற்றாது. குளிரூட்டியோ நீராவியைக் குளிர்ந்த குழாய்களில் நீராக்கி வெளியேற்றும். மழை நாளில் இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவது நல்லது.
* முழுமையாகக் கழுவும் வேலையை வெயில் நாளுக்கு ஒத்திவையுங்கள். ஈரக் கம்பளத்தை ஒருபோதும் சுருட்டி வைக்காதீர்கள்.
* வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால், துப்புரவு செய்யும்போது அவர் வேறு அறையில் இருக்கட்டும். அடிப்பக்கம் முழுவதும் பூஞ்சை பிடித்த கம்பளத்தைத் தூக்கிப் போடுவதே நல்லது.

செய்து பாருங்கள்

ஒரே அளவுள்ள இரண்டு பழைய துண்டுகளில் தலா 50 மில்லிலிட்டர் நீரை ஊற்றுங்கள். ஒன்றை மூடிய அறையிலும் மற்றொன்றை மின்விசிறிக்குக் கீழும் விரித்து வையுங்கள். 30 நிமிடத்திற்கு ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்து, வரைபடம் வரையுங்கள். தற்சார்பு மாறி எது, சார்பு மாறி எது? மழை நாளிலும் வெயில் நாளிலும் செய்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

எங்கள் வீட்டில் அந்தக் கம்பளம் இப்போது இல்லை. அக்கா மகன் வரும் நாள்களில் வெறும் தரையில் பாய்தான். அடுத்த தீபாவளிக்கு உங்கள் வீட்டில் யாராவது வாளியும் சோப்புமாகக் கிளம்பினால், முதலில் வானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.